புரட்டிப் போட்ட கல்

மார்ச் 4, செவ்வாய்

கேம்ப்பில் எனக்கு இடமில்லை. மூன்று கூடாரத்திலும் ஆண்கள். இருக்கிற ஒரே கழிப்பறைக்குக் கதவுக்குப் பதிலாகத் தார்ப்பாய். கேம்ப் பொறுப்பாளர் பிரபாகர் சார் யோசித்து, துளை போடும் ரிக் நிற்கிற நிலத்துக்காரர் வீட்டிலேயே எனக்கு ஓர் அறை பேசிவிட்டார். "ஜியாலஜி படிச்ச பொண்ணு, இருக்கிற இடம் தெரியாது" என்று சொல்லி வைத்தாராம். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வீட்டுக்காரர் பெயர் தீர்த்தகிரி. மனைவி மாதம்மா. ஒரே மகளைக் கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய அறைதான் எனக்கு. நான் அவர்களை அண்ணா, அக்கா என்கிறேன், அவர்கள் என்னைப் பாப்பா என்கிறார்கள். இந்த வயதில் பாப்பா! எங்கள் ஊர் நாசரேத்தில் அம்மா கேட்டால் சிரிப்பாள்.

சாப்பாடு களி. நான் மென்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மெல்லக்கூடாது பாப்பா. கொழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்." முழுங்கினேன். தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

மார்ச் 6, வியாழன்

ரிக் ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டுச் சுவரெல்லாம் லேசாக அதிர்கிறது. மாதம்மாக்கா கையில் முறத்தோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். எல்லோரும் போர் போடும்போது நேராகப் போடுகிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் சாய்வாகப் போடுகிறோம் என்று கேட்டார். இதுவரை எந்தப் பேராசிரியரும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

அவர் முறத்தையே வாங்கிச் சுவரில் சாய்த்தேன். பூமிக்குள் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் பாறை இப்படித்தான் பலகை மாதிரி சாய்ந்து இறங்குகிறது, அதற்குள்தான் நாங்கள் தேடுகிற மாலிப்டினம் இருக்கும், இரும்பைக் கடினமாக்கச் சேர்க்கிற உலோகம் என்று சொன்னேன். ஒரு குச்சியை எடுத்து முறத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து சாய்த்து இறக்கினேன். முட்டியது. அதே குச்சியை முறம் சாய்ந்த பக்கமாகவே இறக்கிக் காட்டினேன். கூடவே போனது, தொடவே இல்லை.

"அப்ப மொறம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு மொதல்ல தெரியணுமில்ல?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான்க்கா எனக்குச் சம்பளம்."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இந்த நிலம் முழுக்க மண். பாறை தலைகாட்டுவது ஒரே இடத்தில்தான். வற்றிப்போன பழைய கிணற்றுக்குப் பக்கத்தில், படுத்த எருமை அளவுக்கு ஒரு கல். அதில் வெள்ளை வரி, வரிக்குள் சாம்பல் மினுக்கு. போன மாதம் காம்பஸை அதன் மேல் வைத்துச் சரிவு எடுத்தது நான். கிழக்கே சரிகிறது. அதனால் ரிக்கைக் கிழக்கே நிறுத்தி, மேற்கு நோக்கிச் சாய்த்திருக்கிறோம். சாரும் சரி என்றார்.

தீர்த்தகிரி அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கெடச்சா எங்க வூடு?"

அதற்கெல்லாம் ரொம்ப வருஷம் ஆகும் என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும். "எங்கப்பா டேமுக்கு நெலத்தக் குடுத்துட்டு இங்க வந்தாரு. அந்த ஏக்கத்துலயே போயிட்டாரு. நான் எங்க போறது பாப்பா?" என்று சொல்லிவிட்டு சாமந்திக்குத் தண்ணீர் கட்டப் போனார். கட்டுவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது. வாய்க்கால் நனைவதற்குள் மோட்டார் காற்றை இழுக்கிறது.

மார்ச் 13, வியாழன்

முதல் துளை முடிந்தது. உள்ளேயிருந்து எடுத்த கல் உருளைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெறும் பாறை. முதுகு வலி.

மார்ச் 21, வெள்ளி

இரண்டாவது துளையும் வெறும் பாறை. சார் பெட்டிகளுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். "மேல கல்லுல அவ்வளவு அழகா இருக்கு, கீழ எங்கம்மா போச்சு?" என்றார். எனக்கும் புரியவில்லை.

வீட்டில் சொல்லிவிட்டேன். முடிவுகளை வெளியே சொல்லக்கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் ஒன்றுமில்லை என்பதைச் சொல்வதில் என்ன ரகசியம்? அண்ணன் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்கா சாயங்காலமே ஒப்புட்டு போட்டார், எங்கள் ஊரில் போளி என்போம். நெய்யை மேலே ஊற்றி, "தின்னு பாப்பா, நீ வந்த நேரம் நல்ல நேரம்" என்றார். ஒரு கனிமம் கிடைக்காததற்காக எனக்கு விருந்து வைத்தவர்கள் உலகத்தில் இவர்களாகத்தான் இருப்பார்கள். நாலு தின்றேன்.

மார்ச் 24, திங்கள்

மூன்றாவது துளை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று எனக்கு ஓய்வு. துணி துவைக்கலாம் என்று வாளியோடு அந்தக் கல்லுக்குப் போனேன். அக்காவும் வந்தார். துவைப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே இந்தக் கல், சாய்வு கூட சரியாக இருக்கிறது என்றேன்.

"செஞ்ச மாதிரியா? செஞ்சதுதான் பாப்பா. மவ பொறந்த வருஷம் நெலத்த நெரவுனோம். புல்டோசர்காரன் இத அப்படியே புரட்டிப் போட்டான். பழைய மொகம் அந்தண்ட இருந்துச்சு. அப்புறம் ரெண்டு பக்கமும் மண்ணு ஏறி இப்படியே குந்திக்கிச்சு. நானும் துவைக்க ஆவுதுன்னு வுட்டுட்டேன்."

துணியை அலசி முடித்தேன். காயப் போட்டேன். அவர் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனபிறகு மண்வெட்டியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்து கல்லுக்கு மேற்கே தோண்டினேன். அடிப்பாறை முழங்கால் ஆழத்திலேயே இருந்தது. அசையாத பாறை. வெள்ளை வரி அதில் தெளிவாக ஓடுகிறது. காம்பஸை வைத்தேன். எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். மறுபடியும் வைத்தேன்.

முறம் மேற்கே சாய்ந்திருக்கிறது. வீட்டுக்கு அடியில் போகிறது. நாங்கள் மூன்று வாரமாகக் குச்சியை அதன் கூடவே இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

குழியை மூடிவிட்டேன். கோழி விழுந்துவிடும். நாளைக்கு சாரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

சாருக்குத் தலைவலி. தொந்தரவு செய்யவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சார் சேலம் போயிருக்கிறார். போனில் சொல்கிற விஷயமா இது?

ஏப்ரல் 1, செவ்வாய்

மூன்றாவது துளையிலும் ஒன்றும் இல்லை. சார் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். இந்த இடத்தைக் கைவிடுவதாக மேலே எழுதப் போகிறாராம். என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற ஹெப்சி? ஏதாவது தோணுதா?" என்றார். நல்ல மனிதர். என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

"மூட்டை கட்டிடலாம் சார்" என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது காலுக்குக் கீழே அது இருப்பது தெரிந்தது. தெரிந்தது என்று எழுதுவது முட்டாள்தனம், பாறை யாருக்கும் தெரியாது. ஆனால் மனசு ரொம்ப லேசாக இருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைச் செய்யாமல் விட்டு ஒருவருக்கு நல்லது செய்திருக்கிறேன். அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. தெரிய வேண்டாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரிக்கைக் கேம்ப்புக்கு இழுத்துப் போய்விட்டார்கள், மேலிருந்து உத்தரவு வரும்வரை அங்கேயே நிற்கும். அண்ணன் போர் போடப் போகிறார். நிலம் போய்விடுமோ என்ற பயத்தில் இத்தனை நாள் தள்ளிப்போட்டாராம். "இனிமே நம்ம நெலம்னு ஆயிடுச்சு. நீதானே சொன்ன. இனி காசப் போட்டாலும் வீண்போவாது."

நான் சொன்னேன்தான்.

இடம் பார்க்கிற ஆளை வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டிலேயே கல் படித்த பெண் இருக்கும்போது வெளி ஆள் எதற்காம். என்னை நடுநிலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அக்கா வீட்டு வாசலை அடுத்த இடத்தைக் காட்டினார். "இந்தக் கோடையிலயும் இங்க மட்டும் அருகம்புல்லு பச்சையா இருக்குது பாரு பாப்பா. இங்க போடலாமா?"

அங்கேதான் போட வேண்டும். கடினப் பாறை நாட்டில் தண்ணீர் வெடிப்பில்தான் ஓடும். வெடிப்பு வெங்கச்சங்கல் ஓடுகிற வழியில்தான் இருக்கும். தண்ணீரும் அந்த உலோகமும் இந்த நிலத்தில் ஒரே பாதையில்தான் இறங்குகின்றன. முதல் வருஷப் பாடம்.

"இல்லக்கா. கிழக்கு மூலையில போடுங்க" என்றேன்.

கிழக்கு மூலையில் தண்ணீர் இருக்கவே இருக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இருக்கலாம். சில இடங்களில் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

புழுதி. காலையிலிருந்து மாலை வரை வெறும் புழுதி. போர் வண்டிக்காரன் ஒவ்வொரு குழாயாக இறக்கிக்கொண்டே போனான், அண்ணன் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தென்னை, சாமந்தி, ஆடு, எங்கள் தலைமுடி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கடைசியில் போர் வண்டிக்காரனே அண்ணனின் தோளைத் தொட்டு, "போதும் மாமா" என்றான்.

யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அக்கா வெந்நீர் போட்டு வைத்தார். "தலைக்கு ஊத்திக்கோ பாப்பா. மண்ணுக்குள்ள என்னா இருக்குதுன்னு யாரு பூந்து பாத்தா? உம்மேல தப்பில்ல."

குளியலறையில் அழுதேன். குளித்துக்கொண்டே அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அக்கா, "அழுவாத, காசுதானே" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அக்கா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். வாயைத் திறந்தேன். கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருப்பது ஞாபகம் வந்தது. விதி விதிதானே.

அவரைக்காய் முழுவதையும் உரித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

இரண்டு எருமையையும் விற்றுவிட்டார்கள். வண்டியில் ஏற மாட்டேன் என்று ஒன்று காலை ஊன்றிக்கொண்டது. அக்கா பின்னாலிருந்து தட்டிக் கொடுத்து ஏற்றிவிட்டு, வீட்டுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. நாளை மறுநாள் மறுபடி போர். இந்தத் தடவை அருகம்புல் இருக்கிற இடத்தில்.

ஒரு மழையைப் பார்த்துவிட்டுப் போடலாமே என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

"மழை வர்றதுக்குள்ள சாமந்தி செத்துப்போவும் பாப்பா."

வேறு இடம் காட்டுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வேணாம் பாப்பா. உன் மனசு கஷ்டப்படும். இது எங்க நேரம், நாங்களே பாத்துக்கறோம்."

அதோடு என் பேச்சுக்கு மதிப்பு முடிந்தது. நானாகத் தேடிக்கொண்டது.

ஏப்ரல் 18, வெள்ளி

தண்ணீர்.

மதியம் போல போர் வண்டியின் சத்தம் மாறியது. புழுதி ஈரமானது, சேறானது, பிறகு தென்னை மட்டம் வரைக்கும் தண்ணீர் எகிறியது. அண்ணன் நனைந்துகொண்டே நின்றார். அக்கா மஞ்சள் குங்குமம் தூவி, தேங்காய் உடைத்து, முதல் சொம்பைப் பிடித்தார். சாமிக்கு வைத்துவிட்டு அடுத்ததை எனக்குத்தான் நீட்டினார்.

"குடி பாப்பா."

சொம்பில் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மிதந்தது. சாம்பல் நிறம், வெள்ளி மாதிரி மினுக்கு. மாலிப்டினத் தாது தண்ணீரில் மிதக்கும் என்பதும் முதல் வருஷப் பாடம்தான். விரலால் ஒதுக்கினேன். பென்சில் கரி பட்ட மாதிரி விரல் பளபளத்தது. ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். இனிப்பான தண்ணீர்.

போர் வாயைச் சுற்றிச் சேறு முழுக்க அதே மினுக்கு. இந்தச் சேறு ஆட்டுக்கு ஆகாது, மிதித்தால் குளம்பு வெந்துவிடும் என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இன்று அவர் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து பொழுது சாயும் வரை மண்வெட்டியால் வாரி வாரி வற்றிய கிணற்றில் கொட்டினோம். கையில் கொப்புளம். பரவாயில்லை.

ரிக்கைத் திங்கள்கிழமை லாரியில் ஏற்றுகிறார்கள். இன்னும் கொஞ்சம்தான். கர்த்தரே, இன்னும் கொஞ்சம்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அம்மா போன் செய்தாள். "கோயிலுக்குப் போனியாட்டி?" போகவில்லை. பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்றும் விசாரிக்கவில்லை. சாமந்திக்குத் தண்ணீர் பாய்வதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். செடி ஒரே நாளில் நிமிர்ந்துவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

விடிந்ததும் கேம்ப்புக்குப் போய்விட்டேன். சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய், பழம் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அவரை அங்கே போகவிடாமல், அண்ணனைக் கேம்ப்புக்கு வரவழைத்துவிடலாம் என்பது என் ஏற்பாடு. ரிக்கை லாரியில் ஏற்றிச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தார்கள். "அவங்களே வர்றாங்களாம் சார்" என்றேன்.

"அது மரியாதை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நானும் ஏறினேன். சேறெல்லாம் கிணற்றில் கிடக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜீப் திரும்பியது. வாசல் முழுவதும் மின்னியது.

இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, வெயிலில், வெள்ளித் தகடு விரித்த மாதிரி. அக்கா நடுவில் நின்றார். முழங்கை வரை பளபளப்பு.

"பாத்தியா பாப்பா! சேத்த நீங்க வாரிக் கொட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு அன்னக்கூடை எடுத்து வச்சுட்டேன். எவ்ளோ அழகா இருந்துச்சு. சாணியில கலந்து மொழுவுனேன். உங்க ஆபீசரு வர்றாருன்னு சொன்னாங்களே, வாசல் நல்லா இருக்க வேணாமா? ஆட்டத் தள்ளிக் கட்டிட்டேன், பயப்படாத."

சார் இறங்கினார். காலை வைத்தவர் நின்றார். குனிந்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கேர்ந்தும்மா?"

அக்காதான் பதில் சொன்னார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். போர் வாயைக் காட்டினார். தண்ணீர் எகிறிய உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினார். சார் போர் வாயைப் பார்த்தார். அங்கிருந்து கல்லைப் பார்த்தார். ரிக் நின்ற இடத்தைப் பார்த்தார். உள்ளங்கையைக் கிழக்கே சாய்த்தார், பிறகு மெதுவாக மேற்கே சாய்த்தார்.

"ஹெப்சி, சரிவு நீ எந்தக் கல்லுல எடுத்த?"

நான் காட்டுவதற்குள் அக்கா சிரித்துக்கொண்டே, "அதா சார்? அது நாங்க புரட்டிப் போட்ட கல்லு சார்" என்றார்.

சார் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். அவர் என் தோளைத் தட்டினார். "எனக்கும் சின்ன வயசுல இதே மாதிரி ஆயிருக்கு. உருண்ட கல்லை நம்பி ஒரு சீசனையே வீணாக்குனேன். எல்லாருக்கும் ஒரு தடவை ஆகும். மனசுல வச்சுக்காத. உன் அதிர்ஷ்டம், கிளம்புறதுக்குள்ள கண்ணுல பட்டுச்சு."

பிறகு போனை எடுத்து, லாரியிலிருந்து ரிக்கை இறக்கச் சொன்னார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 23, புதன்

புதுத் துளைகள் மேற்கேயிருந்து கிழக்கு நோக்கிப் போக வேண்டும். கணக்குப் போட்டேன். முதல் புள்ளி வீட்டு வாசலில் விழுந்தது. தப்பாக இருக்கக்கூடாதா என்று திரும்பத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை சரிவை சாரும் கூட நின்று எடுத்திருக்கிறார். தப்பில்லை.

இன்னும் இரண்டு ஓட்டை, வாசலைத் திருப்பிச் சரிசெய்து கொடுத்துவிடுவோம் என்று மட்டும் சார் வீட்டில் சொல்லியிருக்கிறார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சாமந்தித் தோட்டத்துக்குள் போய், வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு இன்னும் என் மேல் நம்பிக்கை. "போட்டுப் பாத்துட்டுப் போவட்டுமே. ஒண்ணும் இருக்காதுன்னுதான் நீ முன்னாடியே சொல்லிட்டியே."

அக்கா, இருக்கிறது. இப்போது சொல்லியிருக்கலாம். இப்போதும் சொல்லவில்லை.

துளை போடுகிற புள்ளியைச் சுண்ணாம்புத் தூளால் பெருக்கல் குறி போட்டுக் காட்டுவது என் வேலை. மண்டியிட்டுப் போட்டேன். ஒரு கோடு முடிந்தது. இரண்டாவது கோட்டில் பாதியில் தூள் தீர்ந்துவிட்டது. கேம்ப்புக்குப் போய் எடுத்து வர வேண்டும். போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாதிக் குறியை யாரும் மதிக்க மாட்டார்கள், ரிக் வராது என்றெல்லாம் அந்த நிமிஷம் தோன்றியது.

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. அக்கா குனிந்து ஒரு டப்பாவை நீட்டினார்.

"தூளு தீர்ந்துடுச்சா பாப்பா? இந்தா, கோலமாவு இருக்குது. இத வச்சு முடிச்சுடு."

வாங்கினேன். முடித்தேன்.